டீனின் கடைசி மூன்று நிமிடம்

போன வாரம் ஹாஸ்டல் ரூமில் ஆறு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து 'இன்சைட் ஜாப்' பார்த்தோம். 2010-ல் வந்த ஆவணப்படம். 2008 நிதி நெருக்கடி யாரால் வந்தது என்று தோண்டுகிற படம், 2011-ல் ஆஸ்கர் வாங்கியது. இயக்கிய சார்லஸ் ஃபெர்குசன் ஒரு காலத்தில் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தியவர். வெப் பேஜ் செய்ய ஃப்ரண்ட்பேஜ் என்று ஒன்று இருந்ததே, அது அவர் கம்பெனி செய்து மைக்ரோசாஃப்டுக்கு விற்றதுதான். (எனக்கே ஆச்சரியம் :) ) சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

படத்தின் பின்பகுதியில் கிளென் ஹப்பார்ட் வருவார். அப்போது அவர் நியூயார்க்கில் கொலம்பியா பிசினஸ் ஸ்கூலின் டீன். நீங்கள் எந்தெந்த நிதி நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லிப் பணம் வாங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். முதலில் நிதானமாகத்தான் பதில் சொல்வார். கேள்வி விடாமல் துரத்தத் துரத்த முகம் மாறும். இது ஒன்றும் கோர்ட் வாக்குமூலம் இல்லை, உங்களுக்கு நேரம் கொடுத்ததே என் முட்டாள்தனம், இன்னும் மூன்று நிமிடம் தருகிறேன், முடிந்ததைப் பாருங்கள் என்கிற ரீதியில் சீறுவார். ரூமில் விசில் பறந்தது. "காசு வாங்கிட்டு எழுதுற ஆளுடா" என்று ஒருத்தன் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் சம்மதம் இல்லை. அதற்காக அவர் பக்கமும் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஹப்பார்ட் சும்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் இல்லை. 1958-ல் பிறந்தவர். சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1983-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம். 1988 முதல் கொலம்பியா. நடுவில் பெரிய புஷ் காலத்தில் 1991-93 கருவூலத் துறையில் வேலை. சின்ன புஷ் வந்ததும் 2001 முதல் 2003 வரை ஜனாதிபதியின் பொருளாதார ஆலோசகர்கள் குழுவுக்குத் தலைவர். டிவிடெண்ட் மேல் உள்ள வரியை அதிகபட்சம் 15 சதவீதமாகக் குறைத்த 2003 சட்டத்துக்குப் பின்னால் இருந்த மூளைகளில் முக்கியமானது அவருடையது. 2004-ல் டீன் ஆனார், 2019 வரை பதினைந்து வருடம் அந்தப் பதவியில் இருந்தார். இது எல்லாம் விக்கிப்பீடியா சமாச்சாரம், விட்டுவிடலாம்.

நம்ம சிலபஸுக்குப் பக்கத்தில் வருவது அவர் 1988-ல் ஃபஸாரி, பீட்டர்சன் என்ற இருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை. விஷயம் எளிமையானது. செகண்ட் ஹாண்ட் பைக் வாங்கப் போகிறோம். இன்ஜின் எப்படி என்று விற்கிறவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அதனால் நல்ல வண்டிக்கும் நாம் விலையைக் குறைத்துத்தான் கேட்போம். கம்பெனிக்கும் அதே கதி. தொழில் உள்ளே எப்படி ஓடுகிறது என்று நிர்வாகத்துக்குத் தெரியும், வெளியிலிருந்து பணம் போடுகிறவனுக்குத் தெரியாது. தெரியாததற்கும் சேர்த்து அவன் வட்டி கேட்பான். ஆகவே வெளிப்பணம் விலை அதிகம், கைப்பணம் விலை குறைவு. கையில் பணம் வந்தால் முதலீடு செய்யும், வராவிட்டால் நல்ல திட்டத்தைக்கூடக் கைவிடும்.

இதை அவர்கள் வெறும் வாதமாக விடவில்லை. 1970 முதல் 1984 வரையிலான அமெரிக்க உற்பத்தி நிறுவனங்களின் கணக்கை எடுத்து, டிவிடெண்ட் குறைவாகக் கொடுத்து லாபத்தை உள்ளேயே வைத்துக்கொள்கிற கம்பெனிகளில் முதலீடு கைப்பணத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்று காட்டினார்கள். 1997-ல் கப்ளானும் ஸிங்கேல்ஸும் அதே தரவிலிருந்து 49 கம்பெனிகளை எடுத்து ஆண்டறிக்கை வரை படித்துப் பார்த்து, பணத்தட்டுப்பாடே இல்லாத கம்பெனிகளில்தான் அந்தத் தொடர்பு அதிகம் என்று மறுத்தார்கள். சண்டை வருடக்கணக்கில் நடந்தது. (ஃபைனான்ஸ் பேராசிரியர்கள் சண்டை போடுவதைப் படிப்பது தனி சுகம். டேபிளால் அடித்துக்கொள்வார்கள், ரிக்ரெஷன் டேபிள்!)

இப்போது படத்துக்குத் திரும்புவோம். 2004 நவம்பரில், டீன் ஆன சில மாதங்களில், ஹப்பார்ட் ஒரு கட்டுரை எழுதினார். கூட எழுதியவர் வில்லியம் டட்லி, அப்போது கோல்ட்மேன் சாக்ஸின் பொருளாதார நிபுணர். வெளியிட்டதும் கோல்ட்மேனின் ஓர் ஆய்வுப் பிரிவுதான். டெரிவேட்டிவ்கள் ரிஸ்க்கைப் பலர் தலையில் பரப்புகின்றன, வங்கிகளுக்குப் பாதுகாப்பு தருகின்றன, பொருளாதாரத்தின் ஆட்டம் குறைந்திருக்கிறது என்பது சாரம். நாலே வருடத்தில் என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். பேர் ஸ்டெர்ன்ஸின் இரண்டு ஹெட்ஜ் ஃபண்ட் மேலாளர்கள் மேல் மோசடி வழக்கு நடந்தபோது அவர்கள் தரப்பில் சாட்சி சொல்ல ஹப்பார்டுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது என்றும் படம் சொல்கிறது. 2009-ல் அவர்கள் இருவரும் விடுதலை ஆனார்கள்.

காசுக்காகத்தான் அப்படி எழுதினாரா? நான் நம்பவில்லை. சந்தையை நம்புகிற பொருளாதாரம்தான் அவருடையது, யாரும் செக் கொடுத்து வர வைத்தது இல்லை. 2004-ல் அதே கருத்தைப் பைசா வாங்காமல் சொன்னவர்கள் நிறைய பேர். அதோடு அந்தக் கட்டுரையில் கோல்ட்மேன் பெயர் வெளிப்படையாகவே இருக்கிறது, மறைத்தது எதுவும் இல்லை. நம்ம பயல்கள் இதைக் கவனிக்கவில்லை.

ஆனால் யாரிடம் பணம் வாங்குகிறீர்கள் என்று ஒருவர் கேட்டால் கோபப்படுகிற உரிமை உலகத்தில் வேறு எந்தப் பேராசிரியருக்கு இருந்தாலும் இவருக்கு இல்லை என்பேன். உள்ளே இருப்பவனுக்குத் தெரிந்தது வெளியே இருப்பவனுக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதித்தானே பெயர் வாங்கினார்? அவர் கட்டுரையைப் படிக்கிற நான் வெளியே நிற்கிற ஆள். அவர் உள்ளே இருப்பவர். ஃபீஸ் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தெரியாததற்கு நானும் வட்டி போடுவேன், அதாவது கொஞ்சம் குறைவாக நம்புவேன். இதில் அடி வாங்குவது அவர் மட்டும் இல்லை. யாரிடமும் எதுவும் வாங்காத பேராசிரியரையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவேன், நல்ல வண்டிக்கும் விலை குறைகிற மாதிரி.

ஆலோசனை வேலைக்கே போகக்கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. மார்க்கெட் வாசனையே தெரியாமல் ஃபைனான்ஸ் எடுத்தால் வகுப்பில் உட்காரவே முடியாது, அனுபவித்திருக்கிறேன். போகட்டும், வாங்கட்டும், கட்டுரைக்கு அடியில் ஒரு வரி எழுதட்டும்.

எழுதவும் ஆரம்பித்தார்கள். படம் வந்து சத்தம் கிளம்பியதும் 2011-ல் கொலம்பியா பிசினஸ் ஸ்கூலே தன் ஆசிரியர்கள் வெளிவேலைகளைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. டீன் அப்போதும் ஹப்பார்ட்தான்! 2012 ஜனவரியில் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கமும், கட்டுரையின் பொருளில் அக்கறை உள்ளவர்களிடம் மூன்று வருடத்துக்குள் 10,000 டாலரோ அதற்கு மேலோ வாங்கியிருந்தால் சொல்லியாக வேண்டும் என்றது.

இவ்வளவு ஆவேசமாக எழுதுகிறேனே, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சம்மர் ப்ராஜெக்டில் ஒரு கம்பெனியின் முதலீட்டுத் திட்டத்தைப் பற்றி ரிப்போர்ட் எழுதினேன். மாதம் எட்டாயிரம் ஸ்டைபெண்ட், மதியச் சாப்பாடு வேறு. ரிப்போர்ட்டில் பொய் ஒன்றும் இல்லை, திட்டம் எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. அதையே சுருக்கி நம் கல்லூரி இதழுக்குக் கொடுத்தபோது ஸ்டைபெண்ட் பற்றிய வரியை நானாகத்தான் வெட்டினேன். இடம் பத்தவில்லை என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். படம் பார்த்த அன்று ராத்திரி எழுந்து பார்த்தேன், வார்த்தை வரம்புக்கு இன்னும் நாற்பது வார்த்தை பாக்கி இருந்தது. அந்த வரியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி இதழ்க் குழுவுக்கு மெயில் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

பி.கு: 2005-ல் ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பதவிக்கு ஹப்பார்ட் பெயரும் அடிபட்டது, கிடைத்தது பெர்னான்கிக்கு. அடுத்த வருடம் கொலம்பியா மாணவர்கள், டீன் பொறாமையில் புழுங்குகிற மாதிரி 'எவ்ரி ப்ரெத் யூ டேக்' மெட்டில் ஒரு வீடியோ எடுத்தார்கள். தேடிப் பாருங்கள், சிரிப்புக்கு உத்தரவாதம். நம் டீனை வைத்து யாராவது எடுப்பதாக இருந்தால் கேமரா நான் பிடிக்கிறேன், முகம் காட்ட மாட்டேன் :)