'ஸ்ட்ரிக்ட்டான காலேஜ்' என்று கேட்பவர்களுக்கு



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து என் போன் ஓயவில்லை. என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகளே இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள். கட் ஆப், பிராஞ்ச், பீஸ் எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி: "சார், குடி, கூத்து இல்லாத இடமா, நல்லா ஸ்ட்ரிக்ட்டான காலேஜா சொல்லுங்க."

எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்டிப்பு வேறு, குடியில்லாத சூழல் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறாதீர்கள்.

நானே ஏமாந்தவன்தான். வீட்டில் முதல் பட்டதாரியாக வேண்டிய ஒரு மாணவனுக்கு நான்தான் கல்லூரி சிபாரிசு செய்தேன். அங்கே செல்போன் கூடாது; பையன் பெண்ணோடு பேசினால் அபராதம். எனக்கும் அது பிடித்திருந்தது. மூன்றாம் வருடம் 11 அரியரோடு என் முன்னால் வந்து நின்றான். "கண்டிப்பெல்லாம் கேட்டுக்குள்ளதான் சார். வெளியே ரூம் எடுத்திருக்கிற சீனியருங்க கூப்பிடுவாங்க. போகலேன்னா நம்மகிட்ட பேச ஆளே இருக்காது" என்றான். அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்கிறீர்களா? தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது. 17 வயதில் பி.இ. சேருகிற பிள்ளை 21-ல் வெளியே வருகிறான். அதாவது, நம் கல்லூரிப் பிள்ளைகள் குடிப்பதில் பெரும்பகுதி சட்டப்படி நடக்கவே கூடாதது. 2003-லிருந்து கடை நடத்துவது அரசே. கல்வி நிலையத்துக்கும் கடைக்கும் நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். 100 மீட்டர் நடக்க முடியாத பிள்ளையா கல்லூரிக்கு வருகிறான்?

நாக் கிரேடு, என்.ஐ.ஆர்.எஃப். ரேங்க், பிளேஸ்மென்ட் எல்லாம் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை ராத்திரி ஹாஸ்டலில் என்ன நடக்கிறது என்பது அந்தக் கணக்கு எதிலும் வராது. அதை நீங்கள்தான் நேரில் போய்ப் பார்க்கவேண்டும்.

அட்மிஷன் நாளில் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்கள். மைதானத்தில் ஆள் இருக்கிறதா, லைப்ரரி திறந்திருக்கிறதா, வார்டன் ஹாஸ்டலிலேயே தங்குகிறாரா என்று பாருங்கள். கல்லூரியைச் சுற்றியுள்ள வாடகை ரூம்களைப் பற்றி டீக்கடைக்காரரிடம் விசாரியுங்கள். அவருக்குத் தெரிந்தது பிரின்சிபாலுக்குத் தெரியாது. கடைசி வருடப் பையன் ஒருவனைத் தனியாக அழைத்து, "பிறந்தநாள் ட்ரீட்டில் குடிக்காதவன் என்ன செய்வான்?" என்று கேளுங்கள். "அவனும் வருவான் அங்கிள், பிரியாணி சாப்பிட்டுட்டுப் போவான்" என்றால் தைரியமாகச் சேருங்கள். "அவனை யார் கூப்பிடப் போறாங்க?" என்று சிரித்தால் யோசியுங்கள். வேண்டாம் என்று சொன்ன பிள்ளை தனியாகிவிடாத இடம்தான் நல்ல இடம்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கல்யாண வீட்டு மொட்டை மாடியில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, சோடாவும் சைடிஷும் வாங்கிவர அனுப்புவது அதே பிளஸ் டூ பையனைத்தான். அவனுக்கு முதல் பாடம் கல்லூரியிலா நடந்தது?

என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் படித்த கல்லூரியைப் பற்றி யாராவது கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். காலேஜ் பெயர் கெட்டுவிடும் என்று மறைக்காதீர்கள். அன்றைக்கு எனக்கு அப்படி ஒருவர் சொல்லியிருந்தால், அந்தப் பையனை நான் அங்கே அனுப்பியிருக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்