பூங்காவில் மருந்தடித்தால் பலகை வையுங்கள்



நல்ல மழை பெய்து ஓய்ந்தால் போதும், நகரப் பூங்காக்களின் நடைபாதை ஓரமெல்லாம் மூக்கிரட்டையும் குப்பைக்கீரையும் தழைத்துவிடுகின்றன. காலை நடைக்கு வரும் வயதான பெண்கள் அவற்றை முந்தானையில் பறித்துச் செல்கிறார்கள். சிவந்த தண்டு, அடிப்புறம் வெளிறிய இலை, குண்டூசித் தலை அளவில் இளஞ்சிவப்புப் பூ என்று மூக்கிரட்டையைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள். பருப்போடு கடைந்தால் அத்தனை ருசி!

பறிப்பதைத் தடுக்க வேண்டாம். வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளினால் மறுபடி துளிர்த்துவிடும். என் கவலையெல்லாம் களைக்கொல்லி பற்றித்தான். சில மருந்துகளை அடித்த அன்றே இலை வாடுவதில்லை. சில நாள் பச்சையாகத்தான் நிற்கும். பறிப்பவருக்கு எப்படித் தெரியும்? கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022இல் ஆணையிட்டது. எங்கள் பகுதிப் பூங்காவிலோ, அடிப்பது என்ன மருந்து என்று கேட்டால் அடிப்பவருக்கே தெரியவில்லை.

மருந்தின் பெயரையும் அடித்த தேதியையும் பூங்கா வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். வாகனப் புகை படியாத உள்மூலை ஒன்றை மருந்தே அடிக்காமல் விட்டால் இன்னும் நல்லது. அங்கே களையைக் கையால் எடுக்கட்டும்.

– ஒரு வாசகி, திருச்சி