வகுப்பறை அனுபவத்துக்குப் புள்ளி உண்டா?

கலஹா, தெல்தோட்டை, மடுல்கலை எனக் கண்டியைச் சூழ்ந்த தோட்டப்புறப் பாடசாலைகளிலும், அக்குறணை, மடவளை போன்ற ஊர்களின் முஸ்லிம் பாடசாலைகளிலும் தமிழ்மொழி மூல ஆசிரியர் பற்றாக்குறை நெடுங்காலப் பிரச்சினையாகும். இவ்வெற்றிடங்களைச் சத்தமின்றி நிரப்பி வருவோரில் ஒரு சாரார் பதிவேட்டின்படி ஆசிரியர்களே அல்லர், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். 2020 இல் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டுப் பின்னர் நிரந்தரமாக்கப்பட்ட பட்டதாரிகளில் கணிசமானோரைப் பாடசாலைகளுக்கு அனுப்பியது அரசாங்கமே. அங்கு அவர்கள் கையில் வெண்கட்டி கொடுக்கப்பட்டது. ஆசிரியர் என்ற பெயர் மட்டும் கொடுக்கப்படவில்லை.

பரீட்சையின்றித் தம்மை ஆசிரியர் சேவையில் உள்ளீர்க்க வேண்டுமென்பது இவர்களது கோரிக்கை. போட்டிப் பரீட்சை அவசியம் என்பது அதிகாரிகளின் நிலைப்பாடு. பேராதனையிலிருந்து பட்டம் பெற்று வேலையின்றிக் காத்திருக்கும் இளைஞரோ, கதவு தமக்கும் திறக்கப்பட வேண்டும் என்கிறார். அரச சேவையிலுள்ள பட்டதாரிகளுக்கென 2023 மார்ச் 25 இல் நடைபெறவிருந்த பரீட்சை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவினால் நின்றுபோனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வெளியாருக்குக் கதவடைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் பொது அறிவையும் நுண்ணறிவையும் அளக்கும் வினாத்தாளின் முன், ஐந்தாண்டு கற்பித்தவரும் ஒருநாளும் வகுப்பறைக்குள் நுழையாதவரும் ஒன்றே என்று கொள்வதும் நியாயமாகாது. ஆறாம் தரப் பிள்ளைக்குப் பின்னத்தை விளங்க வைக்கத் தெரியுமா என்பதை அந்த வினாத்தாள் கேட்பதில்லை. செயன்முறைப் பரீட்சை ஒன்று உண்டுதான்; எழுத்துப் பரீட்சையில் தேறியவர்களுக்கு, அதுவும் சில நிமிடங்களுக்கு மட்டுமே.

இதில் வேடிக்கை என்னவெனில், முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது இந்நாட்டுக்குப் புதியதன்று. பயிற்சி நிலையத்தின் வாசற்படியே மிதியாத மேசன் ஒருவர், தம் கைத்திறனை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டித் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறலாம். மேசனின் அனுபவத்தை அளக்கத் தெரிந்த அரசுக்கு, தானே வகுப்பறைக்கு அனுப்பியவரின் அனுபவத்தை அளக்க வழி தெரியவில்லையா? மலையகத்திலேயே இதற்கு நெருங்கிய முன்னுதாரணமுண்டு. 2015 அளவில் 6,000 ரூபா கொடுப்பனவுடன் தோட்டப் பாடசாலைகளுக்கு நியமிக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்கள், பயிற்சியை முடித்தே ஆசிரியர் சேவைக்குள் வந்தனர். அவர்கள் பட்ட அலைச்சல் வேறு கதை.

எனினும் சேவைக்காலம் வேறு, கற்றல் வேறு. ஐந்தாண்டு கையொப்பமிட்ட எல்லோரும் ஐந்தாண்டு கற்றவர்களல்லர். அலுவலகக் கோப்புகளோடு காலங்கழித்தோரும் இருக்கின்றனர். எனவே வருடத்தை எண்ணிப் புள்ளி வழங்காது, பாடக்குறிப்பையும் மாணவரின் அப்பியாசக் கொப்பிகளையும் பார்த்து, வகுப்பில் ஒரு முழுப் பாடவேளை அமர்ந்து மதிப்பிட வேண்டும். தொண்டர் ஆசிரியராகவோ தனியார் வகுப்பிலோ கற்பித்த வெளியாருக்கும் அதே அளவுகோல் பொருந்த வேண்டும். அனுபவமற்றவருக்கு எழுத்துப் பரீட்சை வழி திறந்தேயிருக்கலாம்.

மதிப்பிடுவோர் யார் என்பதும் முக்கியம். சொந்த அதிபரிடம் இப்பொறுப்பை விட்டால் சிபாரிசுக் கடிதங்களே மலியும். தமிழில் நடக்கும் பாடத்தைத் தமிழறியாத அதிகாரி மதிப்பிட்டால் அதுவும் அநீதியே. பிற வலயத் தமிழ்மொழி மூல ஆசிரிய ஆலோசகர்களைக் கொண்ட குழுக்களை மத்திய மாகாணக் கல்வித் திணைக்களம் அமைக்க வேண்டும். அடுத்த ஆட்சேர்ப்புக்கான வர்த்தமானி அறிவித்தல் வெளிவருமுன் இது நடந்தாக வேண்டும். விண்ணப்பங்கள் கோரப்பட்ட பின் விதியை மாற்ற முனைந்தால், விவகாரம் மீண்டும் நீதிமன்றப் படியேறும்.