ஆளுக்கு எவ்வளவு வரும்? சொகுசுப் படகு எடுக்கும் முன் நீங்கள் கேட்க வேண்டிய இன்னொரு எண்

"மச்சி, பதினாறு பேர் கன்ஃபார்ம் ஆனா ஆளுக்கு 2,500தான் வரும். வேற யாராவது வர்றீங்களா?"

நீங்கள் சிஞ்ச்வட், ஆகுர்டி, ஹிஞ்சவடி பக்கம் வேலை பார்ப்பவராக இருந்தால் இந்த மெசேஜ் உங்களுக்குப் புதிதாக இருக்காது. சிஞ்ச்வட்டில் பவனா நதி ஓடுகிறது, கடல் இல்லை. ஆனால் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா சுமார் 140 கிலோமீட்டர்தான். காலையில் சிங்ககட் எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம், இரண்டு கார் எடுத்துக்கொண்டு எக்ஸ்பிரஸ்வேயிலும் போகலாம். ஒரு யாட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, கேக், பாட்டு, சூரிய அஸ்தமனம், போட்டோ எல்லாம் முடித்து ராத்திரிக்குள் ரூமுக்குத் திரும்பிவிடலாம். பிறந்தநாள், டீம் அவுட்டிங், நண்பனின் கல்யாணத்துக்கு முந்தைய பார்ட்டி என்று இதற்குக் காரணங்களும் நிறைய.

திட்டத்தில் தப்பு எதுவும் இல்லை. அந்த மெசேஜில் இருக்கும் கணக்கில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது.

தலைக்குப் பிரித்தால் என்ன ஆகும்?

ஓர் எடுத்துக்காட்டுக்கு, சில மணி நேரத்துக்கான படகு வாடகை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் போனால் ஆளுக்கு 10,000. எட்டுப் பேர் என்றால் 5,000. இங்கே நான்கு பேரைக் கூடுதலாகச் சேர்த்ததில் உங்களுக்கு மிச்சம் 5,000 ரூபாய். நல்ல லாபம், சரி.

பன்னிரண்டு பேர் என்றால் 3,333. பதினாறு பேர் என்றால் 2,500. இங்கேயும் நான்கு பேரைத்தான் சேர்த்திருக்கிறீர்கள், ஆனால் மிச்சம் 833 ரூபாய்தான். பதினாறை இருபது ஆக்கினால் மிச்சம் வெறும் 500. கிராஃப் போட்டுப் பார்த்தால் கோடு முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு கிட்டத்தட்ட படுத்துவிடும். அதாவது கூட்டம் சேரச் சேர உங்களுக்குக் கிடைக்கும் லாபம் குறைகிறது. படகுக்கு ஏறும் சுமை மட்டும் அப்படிக் குறைவதில்லை. நாலாவது ஆளும் பதினாறாவது ஆளும் அதற்கு ஒரே எடைதான்.

கப்பல் நிலைத்தன்மைக் கணக்குகளில் ஒரு பயணிக்கு 75 கிலோ என்று எடுத்துக்கொள்வது சர்வதேச வழக்கம். கூடுதலாக ஐந்து பேர் ஏறினால் 375 கிலோ. ஏறக்குறைய இரண்டு புல்லட் பைக்குகளைப் படகில் ஏற்றிய மாதிரி. ஒரு வித்தியாசம், பைக்குகளைக் கட்டி வைத்துவிடலாம். நாம் அப்படி இருக்க மாட்டோம். தாஜ் ஹோட்டல் பின்னணியில் குரூப் போட்டோ என்றால் எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவோம். மேல்தளம் இருந்தால் முதலில் அங்கேதான் ஏறுவோம். எடை மேலே போகப் போகப் படகு எளிதாகச் சாயும், சாய்ந்தால் நிமிரும் திறனும் குறையும்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த ஜலகன்யகா படகு இரண்டு தளம் கொண்டது. புதிய படகு, அரசு சுற்றுலா நிறுவனத்தின் படகு. கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தபோது அது சாய்ந்ததாக அப்போதைய செய்திகள் கூறின. 45 பேர் இறந்தார்கள்.

அப்படியானால் எத்தனை பேர் ஏறலாம்?

இதற்கு விடை படகுக்காரர் சொல்வதிலோ இன்ஸ்டாகிராம் விளம்பரத்திலோ இல்லை, படகின் ஆய்வுச் சான்றிதழில் இருக்கிறது. சர்வேயர் ஒருவர் படகைப் பரிசோதித்து, அதன் நிலைத்தன்மை, தளத்தின் பரப்பு, உயிர்காக்கும் கருவிகள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் இத்தனை பயணிகள், இத்தனை ஊழியர்கள் என்று எழுதுகிறார். சோபாவில் எத்தனை பேர் நெருக்கி உட்காரலாம் என்பது அங்கே கணக்கே இல்லை.

உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் படகுகளுக்கு 1917-ம் ஆண்டு சட்டத்துக்குப் பதிலாக 2021-ல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. பதிவு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஆய்வு, தகுதிச் சான்று பெற்ற ஊழியர்கள், காப்பீடு எல்லாம் அதில் உண்டு. கடலுக்குள் போகும் கலங்களுக்கு வணிகக் கப்பல் சட்டம் தனி. 1958-ம் ஆண்டின் அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2025-ல் நாடாளுமன்றம் புதியதை நிறைவேற்றியது. மகாராஷ்டிரத்தில் பயணிகள் படகுகளைக் கண்காணிப்பது மகாராஷ்டிர கடல்சார் வாரியம். மும்பைத் துறைமுக எல்லைக்குள் துறைமுக ஆணையத்தின் விதிகளும் சேர்ந்துகொள்ளும். எந்தச் சட்டம் எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்பதை வாடிக்கையாளரான நீங்கள் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சான்றிதழைக் காட்டச் சொன்னால் போதும்.

இன்னொன்றும் கேளுங்கள்: இந்தப் படகு வாடகைக்கு ஓட்டப் பதிவானதா, சொந்த உபயோகத்துக்குப் பதிவானதா? வெள்ளை போர்டு காரை டாக்ஸியாக ஓட்டுவது போன்ற விஷயம்தான். ஏதாவது ஆனால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது இதைத்தான். அடுத்து பார்ப்பது எத்தனை பேர் ஏறினீர்கள் என்பதை. பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தால் அவர்கள் கைவிரிக்க இடம் உண்டு. அந்த 833 ரூபாய் மிச்சத்துக்குப் பின்னால் இந்த ரிஸ்க்கும் ஒளிந்திருக்கிறது.

நீல்கமல் சொல்லித் தந்தது

கேட்வேயில் இருந்து படகு ஏறும் யாரும் 2024 டிசம்பர் 18-ஐ மறக்கக் கூடாது. எலிஃபண்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த நீல்கமல் என்ற பயணிகள் படகின் மீது, இன்ஜின் சோதனையில் இருந்த கடற்படையின் வேகப் படகு கட்டுப்பாட்டை இழந்து மோதியது. 15 பேர் இறந்தார்கள்.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விபத்துக்குக் காரணம் அந்த மோதல், நீல்கமலில் இருந்த கூட்டம் அல்ல. ஆனால் மோதலுக்குப் பிறகு எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பது வேறு கேள்வி. 84 பயணிகள், 6 ஊழியர்கள் என்று அனுமதி பெற்றிருந்த படகில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்ததாகச் செய்திகள் வந்தன. மோதிய நேரத்தில் பலர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்த ரோந்துப் படகும் துறைமுகப் படகும் விரைந்து வந்து தூக்கியதால்தான் பலர் பிழைத்தார்கள். காணாமல் போன சிறுவன் ஒருவனின் உடல் மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தது.

விபத்து நடந்த ஓரிரு நாட்களில் பயணிகள் அனைவரும் லைஃப் ஜாக்கெட் அணிவது கட்டாயம் என்று கடல்சார் வாரியம் அறிவித்தது. எப்போதோ கட்டாயமாக இருந்திருக்க வேண்டிய ஒன்று அது.

நூறு பேர் போகும் படகில் நீங்கள் வெறும் டிக்கெட் வாங்கிய பயணி. எத்தனை பேரை ஏற்றுவது என்பது உங்கள் கையில் இல்லை. மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் படகில் நிலைமை தலைகீழ். அங்கே கூட்டத்தைச் சேர்ப்பவரே நீங்கள்தான். "அதெல்லாம் நாலு பேர் எக்ஸ்ட்ரா வரலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்று படகுக்காரர் சொன்னால், அவர் விதியை மீறுவது உங்கள் குரூப்பின் வசதிக்காக. இந்தப் பேரத்தில் நமக்கும் பங்கு இருக்கிறது என்று எழுத எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நானும் பதினான்கு பேருடன் ஒரு படகில் போயிருக்கிறேன். எத்தனை பேருக்கு அனுமதி என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் ப்ளூடூத் கனெக்ட் ஆகுமா என்று மட்டும் மூன்று பேர் கேட்டோம்.

ஏரி என்றால் பயமில்லையா?

"கடல் வேண்டாம்டா, பவனா அணைப் பக்கம் போயிடலாம்" என்பது அடுத்த யோசனையாக வரும். ஆழம் குறைவு, அலை இல்லை என்பது பொதுவான நினைப்பு. புள்ளிவிவரத்தில் பழகிய எனக்கு இந்த நினைப்புதான் அதிகம் பயமாக இருக்கிறது, ஏனென்றால் கடந்த சில ஆண்டுகளின் மோசமான படகு விபத்துகளில் பல, அமைதியான நீரில் நடந்தவை.

2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கழிமுகத்தில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அது மீன்பிடிப் படகை மாற்றிச் செய்தது. அனுமதித்ததைவிட அதிகம் பேர், இருட்டிய நேரம், மேல்தளத்திலும் ஆட்கள். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அங்கேயும் கூடுதல் ஆட்கள், எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லை. அதே ஆண்டு மே 21 அன்று, நமக்குப் பக்கத்தில், புணே மாவட்ட எல்லையில் உள்ள உஜனி அணை நீர்த்தேக்கத்தில் திடீர்க் காற்றில் படகு கவிழ்ந்து 6 பேர் போனார்கள்.

நம் ஊரில் பழவேற்காடு நினைவிருக்கிறதா? 2011 கிறிஸ்துமஸ் அன்று பிக்னிக் வந்த உறவினர் கூட்டம் ஒன்று மீன்பிடிப் படகை வாடகைக்கு எடுத்துப் போனது. 20-க்கும் அதிகமானோர் திரும்பவில்லை. யாட், கேக், ஸ்பீக்கர் எதுவும் இல்லை. ஒரே குடும்பம், ஒரே படகு, எல்லோரும் சேர்ந்து போகலாம் என்ற ஆசை.

படகே இல்லாமலும் இந்தக் கதை நடக்கும். 2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை, சிஞ்ச்வட்டில் இருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் குண்ட்மளாவில் இந்திராயணி ஆற்றின் மீதிருந்த பழைய இரும்புப் பாலம் சுற்றுலாப் பயணிகளின் கூட்டத்தோடு சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். அன்று காலை உங்கள் குரூப்பிலும் யாராவது "குண்ட்மளா போலாமா" என்று கேட்டிருக்கலாம்.

சரி, புக் பண்ணும்போது என்ன செய்வது?

முன்பணம் அனுப்பும் முன் ஆய்வுச் சான்றிதழின் போட்டோவை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அதில் படகின் பெயர், பதிவு எண், செல்லுபடியாகும் தேதி, பயணிகள் எண்ணிக்கை நான்கையும் பாருங்கள். நேரில் ஏறும் படகின் மேல் அதே பெயரும் எண்ணும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். கடைசி நேரத்தில் "அந்த போட்டுல ரிப்பேர், இது அதைவிட நல்லா இருக்கும்" என்று வேறு படகைக் காட்டினால், மறுபடி முதலில் இருந்து கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். சான்றிதழ் இருப்பவருக்கு அதைக் காட்டுவதில் சிரமம் இல்லை.

பலர் கவனிக்காத ஒரு இடம் உண்டு. கேட்வே அருகே வாடகைக்குக் கிடைக்கும் யாட்டுகள் பல கரையோடு ஒட்டி நிற்பதில்லை, கொஞ்சம் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். படித்துறையில் இருந்து ஒரு சின்னப் படகில் ஏற்றி அங்கே கொண்டுபோய் விடுவார்கள். பளபளக்கும் யாட்டைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டு, இந்தச் சின்னப் படகில் பதினாறு பேரும் ஒரே டிரிப்பில் நின்றுகொண்டே போவோம். லைஃப் ஜாக்கெட்டை இங்கேயே, கரையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். யாட்டில் ஏறிய பிறகு என்றால் பாதி ஆபத்தைக் கடந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஜாக்கெட்டின் கொக்கிகளை மாட்டுங்கள். சும்மா தோளில் தொங்கினால் தண்ணீரில் விழுந்ததும் அது தனியே கழன்று மிதக்கும். குழந்தைகள் வந்தால் அவர்கள் அளவில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

போகிறவர்களின் பெயர்ப் பட்டியலை, நீச்சல் தெரியாதவர் யார் என்ற குறிப்புடன், கரையில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு விபத்தில் மீட்புக் குழுவுக்கு முதலில் தேவைப்படும் தகவல் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான். கடலோரக் காவல்படையின் மீட்பு உதவி எண் 1554. கரையை விட்டுக் கிளம்பும் முன்பே போனில் சேமித்து வையுங்கள்.

மாதத்தையும் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பருவமழைக்காக கேட்வே–மாண்ட்வா சாதாரணப் படகுகள் வழக்கமாக நிறுத்தப்படுகின்றன. அந்த மாதங்களில் ஒருவர் "நம்ம போட் மட்டும் ஓடும், ஆஃபர் ரேட்" என்றால், விலை ஏன் குறைந்தது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பதினாறு பேரும் வந்தே தீருவோம், படகுக்கோ பன்னிரண்டு பேருக்குத்தான் அனுமதி என்றால்? இரண்டு சின்ன யாட் எடுக்கலாம். இல்லை, யாட் என்ற ஆசையைக் கொஞ்சம் தள்ளிவைத்து, 2020-ல் தொடங்கிய மும்பை–மாண்ட்வா ரோ-பாக்ஸ் கப்பலில் காரையும் ஏற்றிக்கொண்டு அலிபாக் போய்விடலாம். நூற்றுக்கணக்கானோருக்காகவே கட்டிய கப்பல் அது, கடல் காற்றும் உண்டு. அதுவும் வேண்டாம் என்றால் குரூப்பில் ஒரு மெசேஜ் போடுங்கள்: "12 பேர்தான். ஆளுக்கு 3,333. முதல்ல பணம் அனுப்புறவங்களுக்கு சீட்."