விலை கூடியது, உரிமை குறைந்தது

ப்ளேஸ்டேஷன் 5 ப்ரோ வாங்கலாமா எனக் கேட்கும் விடுதித் தோழர்களே, வேண்டாம். 2024 நவம்பரில் 699.99 டாலருக்கு, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 59,000 ரூபாய்க்கு, வெளிவந்த அக்கருவியில் வட்டு இயக்கி இல்லை. அதற்குத் தனி விலை. காட்சித் துல்லியம் கூடியது மெய்யே. ஆயின் வட்டாக வாங்கிய விளையாட்டை நண்பருக்கு இரவல் தரலாம், ஆடி முடித்தபின் விற்கலாம். பதிவிறக்கியதை இவ்விரண்டும் செய்யவியலாது. நம்மிடம் இருப்பது உடைமையன்று, வெறும் உரிமம். சந்தா நின்றதும் பழைய மின்னிதழ்களையும் இழக்கும் நூலகங்களைக் கண்ட நமக்கா இது புரியாது? பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் (அது எம்மாதம் கைக்கு வரும் என்பது வேறு கதை). வாங்கியே தீர்வதெனில், வட்டு இயக்கியுள்ள சாதாரணப் பதிப்பை வாங்குங்கள். நால்வர் சேர்ந்தால் வட்டுகளை மாற்றி மாற்றி ஆடலாம்.