கையில் காமிரா இருந்தால் மட்டும் போதுமா?

செல்போன் உள்ள வீட்டில் எல்லாம் இன்று காமிராவும் இருக்கிறது.

பையன் படம் எடுக்கிறான். வெட்டுகிறான், ஒட்டுகிறான். பாட்டுச் சேர்க்கிறான். அரை மணி நேரத்தில் ஊருக்கே காட்டி விடுகிறான்!

அப்படி இருக்கும்போது, படம் எடுக்கக் கற்றுக்கொள்ள ஒரு கல்லூரியா? அதற்கு மூன்று ஆண்டா? சம்பளம் வேறு கட்ட வேண்டுமா?

மகனையோ மகளையோ "விஷுவல் கம்யூனிகேஷன்" படிப்பில் சேர்க்கப் போகும் தகப்பனார் இப்படிக் கேட்கிறார். அவர் கேட்பது நியாயம்தான்.

காமிராவை இயக்க மட்டும் கற்றுக்கொள்வதானால், கல்லூரி தேவை இல்லை. கதை சொல்லக் கற்றுக்கொள்வதானால், நல்ல ஆசிரியர் தேவை. அந்த ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது என்ன? மாணவனுக்கு ஓர் எல்லைக்கோடு போட வேண்டும்! "இவ்வளவுதான் உனக்கு, இதற்குள் சொல்" என்று சொல்ல வேண்டும்.

படச்சுருள் இல்லாத பள்ளி

1919-ம் ஆண்டு. ரஷியாவில் உள்நாட்டுப் போர் நடந்த நேரம். மாஸ்கோவில் அரசாங்கம் ஒரு சினிமாப் பள்ளியைத் தொடங்கியது.

பள்ளி இருந்தது, படச்சுருள் இல்லை! வெளிநாட்டில் இருந்து வர வேண்டிய சுருள் கிடைக்கவில்லை.

லெவ் குலஷோவ் என்ற இளைஞர் அங்கே ஆசிரியர். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து விடவில்லை. மாணவர்களை மேடையில் நடிக்க வைத்தார். ஒவ்வொரு காட்சியையும் சினிமாவில் வருவது போலத் துண்டு துண்டாகப் பிரித்து நடத்தினார். "படச்சுருள் இல்லாத படங்கள்" என்று அவற்றுக்குப் பெயர்.

அவர் செய்த ஒரு சோதனை உலகப் புகழ் பெற்றது. ஒரு நடிகரின் முகத்தை எடுத்துக்கொண்டார். முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. அதன் பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப்பை ஒட்டினார். பிறகு அதே முகத்துக்குப் பக்கத்தில் சவப்பெட்டியில் கிடக்கும் ஒரு பெண். பிறகு அதே முகம். பக்கத்தில் விளையாடும் ஒரு குழந்தை.

பார்த்தவர்கள் நடிகரைப் பாராட்டினார்களாம். "என்ன பசி! என்ன துக்கம்! என்ன பாசம்!" என்று வியந்தார்களாம். முகம் என்னவோ ஒன்றேதான்! குலஷோவின் மாணவரும், பின்னாளில் பெரிய டைரக்டருமான புடோவ்கின் இதை எழுதி வைத்திருக்கிறார்.

சினிமா காமிராவுக்குள் இல்லை. எதற்குப் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. இன்று செல்போனில் படம் ஒட்டும் பையனுக்கும் இதுதான் முதல் பாடம்.

இரண்டே நிமிடம்

இன்னொரு உதாரணம், பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் நடந்தது. 2001-ம் ஆண்டு அங்கே பி.பி.சி.யும் கார்டிப் பல்கலைக் கழகமும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கின. சாதாரண மக்களுக்குத் தங்கள் சொந்தக் கதையைக் கம்ப்யூட்டரில் சிறு படமாகச் செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். அந்தப் பல்கலைக் கழக ஆசிரியரும் புகைப்படக் கலைஞருமான டேனியல் மெடோஸ் முன்னின்று நடத்தினார்.

விதி மிகவும் கண்டிப்பானது. சுமார் 250 வார்த்தை. பத்துப் பன்னிரண்டு புகைப்படம். இரண்டு நிமிடம். குரல் அவரவர் குரலாகவே இருக்க வேண்டும்.

எந்திரத்தைத் தொடுவதற்கு முன், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கதை சொல்வார்கள். மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

இவ்வளவு சிறிய இடத்தில் என்ன சொல்ல முடியும் என்று நினைக்கலாம். ஏழே சீரில் உலகத்துக்கு நீதி சொன்ன குறள் நம்மிடம் இருக்கிறதே!

கிழவியும் சேவலும்

நம் நாட்டிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. புனே நகரில் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரி 1960-ல் தொடங்கப்பட்டது. அங்கே படித்த சிதானந்த நாயக், ஏற்கனவே மருத்துவப் படிப்பு முடித்தவர். கன்னட நாட்டுப்புறக் கதை ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். ஒரு கிழவி ஊரில் இருந்த சேவலைத் திருடி விடுகிறாள். சேவல் கூவவில்லை, பொழுது விடியவில்லை, ஊரே இருட்டில் தவிக்கிறது!

படம் சுமார் 16 நிமிடம். படம் பிடிக்கக் கிடைத்தது நாலே நாள். 2024-ல் கேன்ஸ் விழாவில், உலக நாடுகளின் மாணவர் படங்களுக்கான போட்டியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது.

பாட்டி சொல்லும் கதை கேன்ஸ் வரை போனது!

ஏழைக்கும் பணக்காரனுக்கும்

"சத்யஜித் ரே எந்தச் சினிமாக் கல்லூரியில் படித்தார்?" என்று சிலர் மடக்குவார்கள். படிக்கவில்லை; உண்மை. ஆனால் அவர் சாந்திநிகேதனில் ஓவியம் பயின்றவர். 1947-ல் நண்பர்களோடு கல்கத்தாவில் திரைப்படச் சங்கம் அமைத்து, உலகப் படங்களைப் பார்த்துப் பார்த்து விவாதித்தவர். அதன் பிறகுதான் 1955-ல் "பதேர் பாஞ்சாலி" வந்தது. கல்லூரி இல்லாவிட்டாலும், கல்வி இருந்தது.

கல்லூரிகள் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மாணவன் விலை உயர்ந்த காமிராவோடு வருகிறான். இன்னொரு மாணவியிடம் அண்ணனின் பழைய செல்போன்தான் இருக்கிறது. பளபளப்புக்கு மதிப்பெண் போட்டால், அந்தப் பெண் வகுப்பில் நுழையும்போதே தோற்று விடுகிறாள். "இரண்டு நிமிடம், பன்னிரண்டு படம்" என்று கோடு போட்டால், இருவரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். அதன் பிறகு கதை உள்ளவர்தான் ஜெயிப்பார்.

மரியாதையையும் கற்றுக் கொடுக்க வேண்டும். தெருவில் பூக்கட்டும் அம்மாளைப் படம் எடுப்பதற்கு முன், "எடுக்கட்டுமா, அம்மா?" என்று கேட்க வேண்டும். எடுத்ததை அவரிடம் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் விட்டு விட வேண்டும். இதைச் சொல்லித் தராத படிப்பு எவ்வளவு பெரியதானாலும் அரைப் படிப்புதான்.

பெற்றோர்களே! கல்லூரியில் இடம் கேட்கப் போகும்போது, "எத்தனை காமிரா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். "முதல் ஆண்டில் என் பிள்ளை எத்தனை கதையைச் சொல்லி முடிப்பான்? அதை உட்கார்ந்து பார்த்து, குறை சொல்லித் திருத்தப் போகிறவர் யார்?" என்று கேளுங்கள்.

சரியான பதில் வந்தால், தைரியமாகச் சேர்த்து விடுங்கள்!