குறட்டை விடுகிறவரைத் தனி அறைக்கு அனுப்பாதீர்கள்

சென்ற தை மாதம் பொங்கல் விழா முடிந்த கையோடு நம் சங்க அன்பர்கள் முப்பது பேர் குடும்பத்தோடு மகாபலேஷ்வருக்கு இரண்டு நாள் சுற்றுலா சென்று வந்தோம். விடுதியில் அறை பிரிக்கும் நேரத்தில் ஒரே சிரிப்பு. செயற்குழு நண்பர் ஒருவர் தனியாக வந்திருந்தார். அவரோடு ஓர் அறையில் தங்க யாரும் முன்வரவில்லை. "இவர் குறட்டையில் மலையே ஆட்டம் காணும்" என்றார் ஒருவர். "சாட்சாத் கும்பகர்ணன்" என்றார் இன்னொருவர். நண்பரும் சேர்ந்து சிரித்தார். அவருக்குத் தனி அறை என்று முடிவாகும் சமயத்தில், "நான் அவரோடு தங்குகிறேன்" என்றேன். எல்லோரும் என்னை வேடிக்கையாகப் பார்த்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

இரவு இரண்டு மணி சுமாருக்கு விழித்துக்கொண்டேன். கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவரைக் கவனித்தேன். குறட்டை ஏறிக்கொண்டே போகும். திடீரென்று நிற்கும். மார்பும் வயிறும் அசையும். மூக்கில் காற்று இருக்காது. பதினைந்து விநாடி, இருபது விநாடி, ஒரு தடவை முப்பத்தைந்து. பிறகு தண்ணீருக்குள் முங்கியவன் தலை தூக்குவதுபோல் ஒரு திணறல். மறுபடியும் குறட்டை. அரை மணி நேரத்தில் பதினேழு முறை எண்ணினேன். காலையில், "என்ன சார், நம்ம கச்சேரி எப்படி?" என்று கேட்டார். "கச்சேரி பரவாயில்லை. நடுவில் நிறுத்துகிறீர்களே, அதுதான் பயமாக இருக்கிறது" என்றேன்.

எனக்கு ஏன் அந்தப் பயம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் சயான் கோலிவாடாவில் ஒரே அறையில் ஆறு பேர் வசித்தோம். பாயை விரித்தால் நடக்க இடம் இருக்காது. அப்பாவின் குறட்டை பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து எங்களோடு தங்கிய உறவுக்காரப் பையன்கள், "சித்தப்பா என்னமா அசந்து தூங்குதாக!" என்று வியப்பார்கள். அம்மா வியந்ததில்லை. சத்தம் நின்றதும் கையை நீட்டி அப்பாவின் தோளை உலுக்குவாள். அவர் ஒரு திணறல் திணறிப் புரண்டு படுப்பார். "உங்கப்பாவுக்கு மூச்சு நிக்குதுலே" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். மில்லில் நாள் முழுவதும் உழைத்த அலுப்பு என்று நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1984-ல் அக்காவின் பிரசவத்துக்காக அம்மா ஊருக்குப் போயிருந்தாள். ஒரு நாள் விடியற்காலை அப்பா எழுந்திருக்கவில்லை. வயது 57. துக்கத்துக்கு வந்தவர்கள், "புண்ணியவான், தூக்கத்திலேயே போயிட்டார்" என்றார்கள். அவருக்கு இரத்த அழுத்தமும் இருந்தது, பீடியும் பிடிப்பார். ஆகவே காரணம் இதுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஆனால் அன்று இரவு அவருக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன் நான். சத்தம் இல்லாததால் நிம்மதியாகத் தூங்கியவனும் நான்தான். "நான் இருந்திருந்தா உலுக்கியிருப்பேனே" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் கதை போதாதென்று நானும் அதே வழியில் போனேன். டோம்பிவிலியில் வீடு வாங்கினோம். பிள்ளைகள் வளர்ந்து பரீட்சைக்குப் படிக்கும் வயது வந்ததும் என் குறட்டை அவர்களுக்குத் தொந்தரவு என்று ஹாலுக்கு மாற்றப்பட்டேன். மாலை ஃபாஸ்ட் லோக்கலில் நின்றபடியே தூங்குவேன். டோம்பிவிலியில் இறங்காமல் கல்யாணில் விழித்த நாட்கள் உண்டு. பத்லாப்பூர்வரை போனதும் உண்டு. வண்டியில் கூட வருபவர்கள் அதை ஒரு கலையாகப் பாராட்டினார்கள். காலையில் தலைவலி, வாய் உலர்வு. இரவில் மூன்று தடவை சிறுநீருக்கு எழுந்திருப்பேன். அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை போட்டும் இறங்கவில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவேன். வயதாகிறது என்று நினைத்தேன்.

2018-ல் ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்த என் மனைவி ஹாலில் நின்று கேட்டுவிட்டு, காலையில், "என்னங்க, அத்தை மாமாவைப் பத்திச் சொல்வாங்களே, அதேதாங்க உங்களுக்கும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் என்னை நுரையீரல் நிபுணரிடம் கொண்டுபோய் நிறுத்தியது. உடம்பில் கம்பிகளைப் பொருத்தி ஓர் இரவு தூங்கவைத்துப் பதிவு செய்தார்கள். மணிக்கு 42 தடவை மூச்சு தடைப்பட்டிருந்தது. எட்டு மணி நேரம் தூங்கியதாக நான் நினைத்த இரவுகளில் ஒழுங்காக ஒரு மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டேன்.

இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னே சரிந்து, காற்று போகும் வழி அடைபடுகிறது. பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்றால் கணக்கில் சேர்க்கிறார்கள். மணிக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. முப்பதைத் தாண்டினால் கடுமை. இரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை அலறியடித்து எழுப்புகிறது. நமக்கு அது நினைவிருக்காது. இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் ஒவ்வொரு முறையும் அது ஓர் அடி. இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம், சர்க்கரை ஆகியவற்றோடு இதற்குள்ள தொடர்பு இப்போது தெளிவாகியிருக்கிறது. வண்டி ஓட்டுகிறவர் பகலில் கண்ணயர்ந்தால் ஆபத்து அவரோடு நிற்காது. உலகில் 30 முதல் 69 வயதுக்குள் சுமார் 93 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று 2019-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நம் மும்பையில் 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹரி 69 வயதில் காலமானபோது மருத்துவர் சொன்ன காரணமும் இதுதான்.

குண்டாக இருப்பவருக்கு மட்டுமே வரும் என்று எண்ண வேண்டாம். தாடை சிறுத்தவர், கழுத்து குட்டையானவர், ஒல்லியாக இருந்தும் தொப்பை போட்டவர் எல்லோருக்கும் வரலாம். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் கூடுகிறது. அவர்களிடம் குறட்டையைவிடச் சோர்வும் தூக்கமின்மையும் முன்னே தெரிவதால், "மனக்கவலை" என்று மாத்திரை கொடுத்து அனுப்பப்படுவதுண்டு. வாயைத் திறந்துகொண்டு தூங்கி, வகுப்பில் கவனமில்லாத குழந்தைக்கு டான்சில் வீங்கியிருக்கலாம். அடிப்பதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி நான் சொல்லவந்த கருத்து. இந்த நோயில் நோயாளிக்கு எதுவும் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சாட்சி. கனடாவில் டொரொண்டோ மருத்துவர்கள் 2008-ல் எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். குறட்டை உண்டா, பகலில் சோர்வா, தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா, இரத்த அழுத்தம் உண்டா, எடை அதிகமா, வயது ஐம்பதுக்கு மேலா, கழுத்துச் சுற்றளவு சுமார் 16 அங்குலத்துக்கு மேலா, ஆணா. மூன்றுக்கு "ஆம்" என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதில் மூன்றாவது கேள்விக்குத் தனி அறையில் தூங்குகிறவர் எப்படிப் பதில் சொல்வார்? ஒற்றை அறையில் என் அம்மாவுக்குத் தெரிந்தது, இரண்டு படுக்கையறை வீட்டில் வருடக்கணக்காக யாருக்கும் தெரியவில்லை. வசதி வந்ததும் முதலில் நாம் அனுப்பிவிட்டது அந்தச் சாட்சியைத்தான். அப்பாவை ஹாலுக்கும் தாத்தாவைப் பால்கனிக்கும் அனுப்புகிறோம். சத்தம் கேட்கவில்லை, பிரச்சினை தீர்ந்தது என்கிறோம்.

வைத்தியம் உண்டா என்றால், உண்டு. எடை குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், இரவில் மதுவையும் தானாக வாங்கிப் போடும் தூக்க மாத்திரையையும் விடுதல். சற்றுக் கடுமையானால் சி-பேப் இயந்திரம். 1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் கண்ட வழி இது. மூக்கில் முகமூடி வழியாகக் காற்றை மெல்ல அழுத்தித் தொண்டை மூடாமல் வைக்கிறது. மாயமந்திரம் அல்ல, மாட்டினால்தான் பலன். 2016-ல் வெளியான பெரிய ஆய்வில், இரவுக்குச் சராசரி மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் மட்டுமே மாட்டியவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. முதல் மாதம் நானும் அதைத் தூக்கி எறியப் பார்த்தேன். பேத்தி, "தாத்தா யானை ஆயிட்டார்" என்று சிரித்தாள். இப்போது எந்த ஊருக்குப் போனாலும் என் பையில் முதலில் ஏறுவது அதுதான். காலைத் தலைவலி போயிற்று. அழுத்த மாத்திரை ஒன்றாகக் குறைந்தது. கோபமும் குறைந்தது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நடத்தும் மருத்துவ முகாமில் சர்க்கரையும் அழுத்தமும் பார்க்கிறோம். அதோடு இந்த எட்டுக் கேள்விகளைத் தமிழில் அச்சிட்டு, ஒரு தையல் டேப்பையும் வைத்தால் செலவு அதிகமாகாது. ஒரே நிபந்தனை: கணவனும் மனைவியும் சேர்ந்து வரவேண்டும். ஒருவர் கேள்விக்கு மற்றவர் பதில் சொல்ல வேண்டும். தனியாக இருப்பவர்கள் கைப்பேசியில் ஓர் இரவின் சத்தத்தைப் பதிவு செய்து கொண்டுவரட்டும்.

மகாபலேஷ்வர் நண்பர் சென்ற மாதம் சோதனை செய்துகொண்டார். மணிக்கு 38. "நல்லவேளை, எனக்குத் தனி அறை கொடுக்கவில்லை" என்றார்.

இன்று இரவு விளக்கை அணைத்தபின் வீட்டில் குறட்டை கேட்டால் கதவைச் சாத்தாதீர்கள். பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் நிற்கும் இடத்தைக் கேளுங்கள்.